ஊசி அடிச்சா நோன்பு முறியுமா தாத்தா?

நோன்பு மாதத்தில் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு பாமசிக்கு வருகிற ஆட்கள் ஒரு தனி ரகம். பாதிப் பேருக்கு மருந்து வேண்டும், மீதிப் பேருக்கு அடுப்பில் கொதிக்கிற கஞ்சி வாசத்திலிருந்து ஒரு பத்து நிமிடம் தப்ப வேண்டும், அதற்கு ஒரு ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) பக்கெட் வாங்குவது நல்ல சாக்கு. அப்படி ஒரு நேரத்தில்தான் போன கிழமை ஒரு பெண் வந்தார். கையில் நான்காக மடித்த பாடசாலைக் கடிதம், பக்கத்தில் பதினொரு வயது மகள். பிள்ளை முதல் தடவையாக எல்லா நோன்பும் பிடிக்கிறாளாம், உதடு காய்ந்து வெடித்திருந்தது, ஆனால் கேட்டால் "எனக்கு ஒண்டும் செய்யல்ல" என்கிறாள்.

"தாத்தா, ஊசி அடிச்சா நோன்பு முறியுமா?"

(இந்தியாவிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: கொழும்பு முஸ்லிம்களுக்குத் தாத்தா என்றால் அக்கா. எனக்கு வயது 41தான்.)

கடிதத்தைப் பார்த்தேன். எச்.பி.வி. ஊசி. கருப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் தடுக்க ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு 2017இலிருந்து பாடசாலையிலேயே கொடுக்கிறார்கள், ஆறு மாத இடைவெளியில் இரண்டு. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பில் லீவு என்பதால் அங்கே இந்தச் சிக்கல் வராது, இந்தப் பிள்ளை படிப்பது வேறு பாடசாலையில். முறியாது என்று சொன்னேன். தசையில் ஏறுகிற ஊசி, அது உணவும் இல்லை, வாய் மூக்கு போலத் திறந்த வழியால் வயிற்றுக்குப் போவதும் இல்லை, நாங்கள் பின்பற்றுகிற ஷாபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்ட வழியில்) இதற்கு மேல் பெரிய விவாதம் கிடையாது. பத்து வினாடியில் முடிந்த பதில். அவரும் தலையாட்டினார்.

ஆனால் போகவில்லை. மகளைப் பார்த்து, "அந்தத் தராசில ஏறி நிறை எவ்வளவுன்னு பாரு" என்று அனுப்பிவிட்டு, கவுண்டர் மேல் குனிந்து மெதுவாகக் கேட்டார்: "பிறகு இவளுக்குப் புள்ள தங்குமா?"

இந்த வரிசை எனக்குப் பழக்கம். முதலில் நோன்பு வரும், அப்புறம் உண்மையான கேள்வி வரும். கொரோனா ஊசி வந்த 2021இல் ஒரு நோன்பு மாதம் முழுக்க இதைத்தான் காதில் கேட்டேன், எங்கள் ஃபிளாட்ஸ் படிக்கட்டிலும், இந்தக் கவுண்டரிலும், எங்கள் வீட்டுக் குசினியிலும். அன்றைக்கு அடியில் இருந்த கேள்வி பிள்ளை தங்குமா என்பது மட்டும் இல்லை, அதை விடப் பெரியது. அதைப் பற்றி இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன், அந்தப் பெண் போன பிறகு எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது.

அந்த நேரம் வெளிநாட்டிலிருந்த பலரும் எங்களைப் பற்றி நினைத்தது, முஸ்லிம்களுக்கு மார்க்கச் சந்தேகம், ஒரு ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கொடுத்தால் தீர்ந்துவிடும் என்பதுதான். ஃபத்வாவுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. எகிப்தின் தாருல் இஃப்தா சொன்னது, சவூதி முஃப்தி சொன்னார், பிரிட்டனில் இருக்கிற முஸ்லிம் மருத்துவர் சங்கம் சொன்னது, எங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத்தும் சொன்னார். பர்மிங்ஹாமில் அல் அப்பாஸ் பள்ளிவாசலையே 2021 ஜனவரியில் தடுப்பூசி நிலையமாக்கிவிட்டார்கள், அந்தப் படங்களை லண்டனில் இருக்கிற சாச்சாவின் மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் போட்டான். எங்கள் உம்மா அதையெல்லாம் பார்த்தார். பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ், நல்ல வேல" என்று குரல் பதிவு போட்டார். ஊசி அடிக்கப் போகவில்லை.

ஏன் என்று புரிய வேண்டுமானால் தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச் கடைசியில் நீர்கொழும்பில் முதல் முஸ்லிம் கொரோனாவில் மௌத்தானார், குடும்பம் கேட்கக் கேட்க எரித்தார்கள். ஏப்ரல் 11 வர்த்தமானியில் (அரசிதழில்) எரிப்பது கட்டாயமானது. நிலத்தடி நீரில் வைரஸ் கலக்குமாம். உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொல்லியிருந்தது, உலகம் முழுக்கப் புதைத்துக்கொண்டிருந்தார்கள், எங்கள் நாட்டு நிலத்தடி நீர் மட்டும் விசேஷம். டிசம்பர் 1இல் உயர் நீதிமன்றம் எங்கள் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அடுத்த கிழமை, பிறந்து இருபது நாளேயான ஒரு குழந்தையைத் தாய் தகப்பன் சம்மதம் இல்லாமல் கொழும்பில் பொரளை கனத்தை மயானத்தில் எரித்தார்கள். அதற்குப் பிறகுதான் கனத்தை வேலியில் வெள்ளைத் துணி கட்ட ஆரம்பித்தார்கள், முஸ்லிம்கள் மட்டும் இல்லை, சிங்களவர்களும் தமிழர்களும் வந்து கட்டினார்கள், இரவோடு இரவாக யாரோ அவிழ்த்துவிட மறுநாள் திரும்பவும் கட்டினார்கள்.

இந்தியா அனுப்பிய ஐந்து லட்சம் கோவிஷீல்ட் கொரோனா ஊசி வந்து இறங்கியது 2021 ஜனவரி 28. மறுநாள் போட ஆரம்பித்தார்கள். எரிப்பை நிறுத்தும் வர்த்தமானி வந்தது பெப்ரவரி 25, புதைக்க அனுமதித்த ஒரே இடமான கிழக்கிலுள்ள ஓட்டமாவடியில் முதல் ஜனாஸா அடங்கியது மார்ச் 5. அதாவது ஊசி ஜனவரியில் கிடைத்தது, மண் மார்ச்சில்தான் கிடைத்தது. நடுவில் இருந்த அந்த ஐந்து கிழமையும் ஒரே அரசாங்கம் ஒரு கையால் தோளில் ஊசி குத்த வா என்று கூப்பிட்டது, மறு கையில் நெருப்பு வைத்திருந்தது. எங்கள் சனம் பயந்தது எந்தக் கைக்கு என்று நான் சொல்ல வேண்டுமா?

எங்கள் மாடியில் கடைசி வீட்டு மாமா 2020 நவம்பரில் போனார். இருமல் வந்து ஏழெட்டு நாள் வீட்டிலேயே படுத்திருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னபோது அவர் சொன்ன ஒரே வார்த்தை, "போனா எரிச்சிப் போடுவாங்க." கடைசியில் மூச்சு எடுக்க முடியாமல் போன பிறகுதான் அம்பியூலன்ஸ் கூப்பிட்டார்கள், கையொப்பத்துக்காகக் கொண்டுவந்த தாளை அவர் மகன் வாங்கவே இல்லை. பெட்டிக்குக் காசு கேட்டார்கள், அதையும் கொடுக்கவில்லை. என்ன செய்தாலும் நாங்களே எரித்ததாகக் கையெழுத்து வைக்க மாட்டோம் என்று நின்றுவிட்டான். அப்படி நின்ற குடும்பங்கள் கொழும்பில் பல. அவருடைய சாம்பல் எங்கே என்று இன்றைக்கும் அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமி இன்னும் வெள்ளிக்கிழமைகளில் யாசீன் ஓதி முடித்துவிட்டு எந்தத் திசையைப் பார்த்து துஆ கேட்பது என்று ஒரு கணம் நிற்பார், நான் பார்த்திருக்கிறேன்.

இந்த மாமியிடம் போய் ஊசி நோன்பை முறிக்காது என்று சொல்வதில் என்ன பிரயோசனம்?

சரி, உம்மாவுக்கு வருகிறேன். அந்த வருடம் ஏப்ரல் 14 முதல் நோன்பு. அதற்கு முன்னால் மார்ச்சிலேயே எங்கள் பகுதியில் ஊசி போட்டார்கள், உம்மா போகவில்லை, முதலில் "மூட்டு வலி" என்றார், பிறகு "கூட்டமாம்" என்றார், நோன்பு வந்ததும் அருமையான காரணம் ஒன்று கிடைத்துவிட்டது. உம்மாவுக்கு அப்போது 66 வயது, சீனி வருத்தம், பிரஷர் இரண்டும் உண்டு. நான் பாமசியில் வேலை செய்கிறவள், என் வீட்டிலேயே இப்படி என்றால் வெளியே போய் யாருக்கு என்ன சொல்வது என்று எனக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. கோபத்தில் எல்லாரும் செய்கிற பிழையை நானும் செய்தேன். ஆதாரங்களைக் கொண்டுவந்து கொட்டினேன்.

ஒருநாள் அஸருக்குப் (பின்னேரத் தொழுகைக்குப்) பிறகு குசினியில் உம்மா கஞ்சிக்கு ரம்பை இலை போட்டுக்கொண்டிருந்தார். "அதில பன்டிக் கொழுப்பு ஈக்கியாம்" என்றார். இல்லை உம்மா, ஜெலட்டின் சில ஊசிகளில்தான் இருக்கும், இதில் கிடையாது என்று நான் கோவிஷீல்டில் இருக்கிற பொருட்களை ஒன்று ஒன்றாக வாசித்தேன். ஹிஸ்டிடின், மக்னீசியம் குளோரைட், பொலிசோர்பேட், சீனி, உப்பு. எத்தனோல் என்ற சொல்லை வாசிக்காமல் விட்டிருக்கலாம். வாசித்துவிட்டேன். "எத்தனோல்னா சாராயம்தானே?" என்று உம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். ஒரு ஊசியில் இருப்பது இரண்டு மில்லிகிராம், மேசையில் தோல் கறுத்துக் கிடக்கிற அந்தக் கோழிக்கூட்டு வாழைப்பழத்தில் அதை விடக் கூட இருக்கும் என்று சொன்னேன். உம்மா பழத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்றைக்கு நோன்பு திறக்கும்போது வாழைப்பழத்தைத் தொடவே இல்லை. ஊசிக்கு ஆள் சேர்க்கப் போய் பழத்தையும் இழந்தேன்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஜெலட்டின் விஷயத்தில் 1995இல் குவைத்தில் உலமாக்களும் மருத்துவர்களும் கூடி, அடியோடு மாறிப்போன பொருளுக்கு வேறு சட்டம் என்று முடிவெடுத்ததையும் சொன்னேன். உம்மா அமைதியாகக் கேட்டார். அப்புறம் சொன்னார், "நீ செல்லிய எல்லாம் சரி மகள். மார்க்கத்தில பிழ இல்ல. ஆனா அவங்க எங்கட உடம்ப என்ன செஞ்சாங்கன்னு நீ பாத்த தானே."

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. நோன்பு முறியுமா என்பது ஒரு மரியாதையான கேள்வி. "உங்களை நம்பவில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாதவர்கள் அதைக் கேட்கிறார்கள். நாம் விழுந்தடித்து அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறோம், அவர்களும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டே வீட்டில் இருக்கிறார்கள்.

எங்கள் ஆட்கள் தடுப்பூசிக்கு எதிரானவர்கள் என்றால் நான் சிரிப்பேன். இதே உம்மா எங்கள் ஐந்து பேரையும் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனவர். எங்கள் அட்டைகள் இன்னும் அல்மாரியில் கல்யாணச் சேலைக்கு அடியில் இருக்கின்றன, ஒரு தேதி தவறவில்லை. இலங்கையில் 1978இல் தேசியத் தடுப்பூசித் திட்டம் ஆரம்பித்தது, 1993க்குப் பிறகு இங்கே போலியோ இல்லை, 2019இல் சின்னமுத்தும் ஒழிந்தது என்று சான்றிதழ் கிடைத்தது (2023இல் அது திரும்பவும் தலைகாட்டியது வேறு கதை). இதெல்லாம் மாளிகாவத்தை உம்மாமாரும் புதுக்கடை உம்மாமாரும் வெயிலில் வரிசையில் நிற்காமல் நடந்திருக்காது. உம்ராவுக்குப் போகிறவர்களைப் பாருங்கள். மெனிஞ்சைட்டிஸ் ஊசி இல்லாமல் சவூதி விசா இல்லை, 1987 ஹஜ்ஜோடு அந்த நோய் பரவிய பிறகு வந்த ஏற்பாடு அது. நோன்பில் உம்ரா போகிறவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டு நீட்டுகிறார்கள், அதில் என்ன கலந்திருக்கிறது என்று ஒருவராவது என்னிடம் கேட்டது கிடையாது. ஊசி அதே ஊசிதான். அது கொண்டுபோய் விடுகிற இடத்தில் நம்பிக்கை இருக்கிறது.

பிள்ளை தங்காது என்ற பயத்துக்கு வருவோம், ஏனென்றால் இதில் எனக்கு ஆத்திரம் அதிகம். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் கடையில் கொத்து ரொட்டிக்குள் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று சொல்லிக் கடையையும் பள்ளிவாசலையும் அடித்து நொறுக்கினார்கள். அரச இரசாயனப் பகுப்பாய்வில் வந்தது வெறும் மாவுக் கட்டி. அடுத்த வருடம் ஒரு முஸ்லிம் டாக்டர் சிங்களப் பெண்களுக்குக் களவாகக் கருத்தடை செய்தார் என்று ஊரெல்லாம் கத்தினார்கள், அதுவும் பொய் என்று ஆனது. ஒரு மாத்திரையால், ஒரு ஊசியால் ஒரு இனத்தையே மலடாக்கலாம் என்ற கதையால் எங்கள் அளவுக்கு அடி வாங்கியவர்கள் இந்த நாட்டில் யார்? அப்படி இருந்தும் 2021இல் அதே கதையை எடுத்து, ஆளை மட்டும் மாற்றி, "ஊசி அடிச்சா நம்மட பொம்புளப் புள்ளைகளுக்குக் கரு தங்காதாம்" என்று நாங்களே எங்களுக்கு அனுப்பிக்கொண்டோம். எனக்கு ஒரே நாளில் அந்தக் குரல் பதிவு ஆறு இடத்திலிருந்து வந்தது. அனுப்பிய ஒருவருக்கு நான், "இது கொத்து ரொட்டி கதைதானே நாநா" என்று எழுதினேன். அவர் பதிலே போடவில்லை, ஆனால் குழுவிலிருந்து அந்தப் பதிவை அழித்துவிட்டார். அந்த மாதத்தில் நான் பெற்ற பெரிய வெற்றி அது என்று நினைக்கிறேன்.

வதந்தி வானத்திலிருந்து விழுவதில்லை, இதையும் சொல்ல வேண்டும். நைஜீரியாவின் கானோவில் 2003இல் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தினார்கள், மலடாக்குகிறார்கள் என்று. அதே கானோவில் 1996இல் மெனிஞ்சைட்டிஸ் பரவிய நேரம் ஒரு பெரிய மருந்து நிறுவனம் பிள்ளைகளில் புது மருந்தைச் சோதித்துப் பார்த்து, அது வழக்காகி நாறியது. சனம் அதை மறக்கவில்லை. பிறகு முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் செய்த சொட்டு மருந்து வந்தபோதுதான் 2004இல் கதவைத் திறந்தார்கள். பாகிஸ்தானில் 2011இல் சி.ஐ.ஏ. ஒசாமா பின்லாடனைத் தேடுவதற்காக மஞ்சள்காமாலைத் தடுப்பூசி என்று பொய் சொல்லி வீடு வீடாக ஆள் அனுப்பியது, அதற்கான விலையை இன்றைக்கும் போலியோ ஊழியர்கள் உயிரால் கட்டுகிறார்கள். இப்படிப்பட்ட செய்திகளும் அதே வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன, பொய்யோடு பொய்யாக அல்ல, பொய்க்கு முட்டுக் கொடுக்கிற உண்மையாக.

அப்படியானால் எங்கள் பக்கத்தில் என்னதான் வேலை செய்தது? பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பயான் (மார்க்கப் பேச்சு) வேலை செய்யவில்லை, "ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் (இறைவன் மேல் நம்பிக்கை) வை" ஹதீஸை அந்த வருடம் எத்தனை தடவை கேட்டோம் என்றால், ஒட்டகமே போதும் என்று சொல்லியிருக்கும். வேலை செய்தது மிஸ்ஸி.

மிஸ்ஸி என்று நாங்கள் சொல்வது எங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரை. சிங்களப் பெண், இருபது வருடத்துக்கு மேல் இதே சந்துகளில் குடையும் பையுமாக நடக்கிறவர், எங்கள் மாடியில் யார் எப்போது எத்தனையாவது பிள்ளைக்கு உண்டானார் என்பது மாப்பிள்ளைமாருக்கு முன்னால் அவருக்குத் தெரியும். என் மகளுக்குப் பால் குடிக்கத் தெரியாமல் அழுத நாட்களில் என் பக்கத்தில் உட்கார்ந்து மார்பைப் பிடித்துக் காட்டிக் கொடுத்தவர் அவர். அரைகுறைத் தமிழில் "உம்மா, கொஞ்சம் பொறுங்க" என்பார். நோன்பின் கடைசிப் பத்தில், சீனாவின் சினோஃபார்ம் கொரோனா ஊசி பொதுமக்களுக்குப் போட ஆரம்பித்திருந்த நேரம் (மே 8இல் தொடங்கினார்கள், ஈத் மே 14), அவர் மாடி ஏறி வந்தார். கடைசி வீட்டுக்கு முதலில் போனார். ஊசியைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. மாமா போன பிறகு வரக் கிடைக்கவில்லை என்று மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். "பிழைதான் அம்மே, செஞ்சது பிழைதான்" என்று சொன்னார். அதைச் சொல்லச் சம்பளம் வாங்குகிற ஒருவரும் அதுவரை வந்து சொல்லவில்லை.

மாமி அழுதார். எங்கள் உம்மா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டார்.

அப்புறம் மிஸ்ஸியிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் வேறு கேள்விகள். எந்த நேரம் வரலாம்? பொம்பளைங்களுக்கு வேற இடம் இருக்கா? இதுதான் எனக்கும் மண்டையில் உறைக்காமல் போன விஷயம். அபாயாவின் கை இறுக்கமானது, மணிக்கட்டிலிருந்து தோள் வரை ஏறாது, ஊசி போட வேண்டுமானால் மேலே திறந்து ஒரு பக்கம் கழற்ற வேண்டும். மண்டபத்தில் ஆண்களும் பெண்களும் ஒரே வரிசையில், கதிரைகள் வாசலைப் பார்த்து. இதை நினைத்தே பாதிப் பெண்கள் போகவில்லை, அதை வெளியே சொல்லவும் வெட்கம், அதனால் நோன்பு, மூட்டு வலி, கூட்டம். முன்பு போய் வந்த சில பெண்கள், படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்ததாகவும், விளங்கவில்லை என்று கேட்டபோது ஒருவர் சலித்துக்கொண்டதாகவும் வந்து சொல்லியிருந்தார்கள், அந்த ஒரு சலிப்பு எங்கள் மாடி முழுக்க ஏறி இறங்கியது.

நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து செய்தது இவ்வளவுதான். மண்டபத்தின் ஒரு மூலையில் கொடி கட்டி இரண்டு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டோம், ஒன்றில் பெரிய ரோசாப் பூ, மற்றது என் மகனின் ஸ்பைடர்மேன். உள்ளே பெண் தாதி. படிவத்தைத் தமிழில் சொல்லி நிரப்ப நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் உட்கார்ந்தோம். நேரத்தை அஸருக்குப் பிறகு தள்ளிவைக்க முடியுமா என்று மிஸ்ஸி மேலிடத்தில் கெஞ்சி ஒரு நாளைக்கு மட்டும் வாங்கித் தந்தார். நேரம் ஏன் முக்கியம் என்றால், காலையில் அடித்தால் காய்ச்சல் பகலில் வரும், பெனடோல் போட்டால் நோன்பு போய்விடும், போடாமல் தாங்கினால் அதுவும் கொடுமை. அஸருக்குப் பிறகு அடித்தால் காய்ச்சல் வருவதற்குள் நோன்பு திறந்துவிடலாம், இரவில் மாத்திரை போட்டுக்கொண்டு சஹருக்கு (விடியலுக்கு முந்திய சாப்பாட்டுக்கு) எழும்பலாம். நோயாளி நோன்பை விட்டுப் பிறகு கழாச் செய்யலாம் (ஈடாகப் பிடிக்கலாம்) என்று குர்ஆனிலேயே இருக்கிறது, உண்மைதான், ஆனால் கடைசிப் பத்தில் ஒரு நோன்பை விடச் சொல்லி ஒரு மூத்த பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள், உங்களை ஷைத்தானைப் பார்ப்பது போலப் பார்ப்பார். சலுகை இருப்பது வேறு, அதை எடுக்க மனம் வருவது வேறு. சஹரில் தண்ணீர் நிறையக் குடித்துவிட்டு வாருங்கள், வெறும் வயிற்றோடு நின்று தலை சுற்றினால் அதையும் ஊசியின் தலையில் கட்டுவார்கள் என்று நான் ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன்.

உம்மா ரோசாப் பூ விரிப்புக்குப் பின்னால் போனார். நான் கூடவே போனேன். தாதி பஞ்சை எடுத்தபோது உம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தி, என்னைப் பார்த்து, இதை அவருக்குச் சிங்களத்தில் சொல் என்றார்: "நான் மௌத்தானா மண்ணு கிடைக்குமா?"

என்னால் உடனே மொழிபெயர்க்க முடியவில்லை. தாதிக்கு எப்படியோ விளங்கிவிட்டது, "மண்ணு" என்ற சொல்லா, உம்மாவின் முகமா தெரியாது. "லெபேவி அம்மே" என்றார், கிடைக்கும் அம்மா. கிடைப்பது ஓட்டமாவடியில், கொழும்பிலிருந்து ஆறேழு மணித்தியாலம் லொறியில், இரண்டு பேருக்கு மேல் கூடப் போக விடுவார்களா என்பதும் சந்தேகம். உம்மாவுக்கும் அது தெரியும். "அவ்வளவு தூரமா என்னக் கொண்டு போவீங்க? வேணாம், நான் மௌத்தாக மாட்டேன், நீ குத்து" என்று கையை நீட்டினார். தாதி சிரித்துக்கொண்டே குத்தினார், விரிப்புக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்றவர்களுக்கும் அந்தச் சிரிப்புக் கேட்டது. அதற்குப் பிறகு வரிசை லேசாக நகர்ந்தது.

காய்ச்சல் வரவில்லை. வரவில்லையே என்று உம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம், பெனடோலைத் தலையணைக்குக் கீழே தயாராக வைத்திருந்தார். மாமி அன்றைக்கு வரவில்லை. ஆவணியில்தான் போட்டுக்கொண்டார், தெமட்டகொடையில் ஜூனில் டெல்டா பிடிபட்டு, சுற்றிச் சுற்றி மௌத்துச் செய்தி வந்த பிறகு. நம்பிக்கையால் போட்டாரா, பயத்தால் போட்டாரா என்று நான் கேட்கவில்லை.

ஓட்டமாவடி மஜ்மா நகரில் 3,600க்கும் மேற்பட்டவர்கள் அடங்கியிருக்கிறார்கள், முஸ்லிம் அல்லாதவர்களும் அதில் உண்டு. 2022 மார்ச்சில்தான் அவரவர் ஊரில் அடக்கலாம் என்றார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அந்தச் செய்தி வந்த அன்று பாமசியில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, மருந்து வாங்க வந்திருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "யார்ட்ட கேட்டாங்களாம்?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. மிஸ்ஸி மூன்று வருடத்துக்கு முன்னால் படி ஏறி வந்து மாமியிடம் கேட்டதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

இப்போது அந்தப் பெண்ணுக்கு வருகிறேன், கடிதத்தோடு கவுண்டரில் நிற்கிறாரே. பிள்ளை தங்குமா என்று கேட்டவருக்கு, தங்கும் என்றேன். இந்த ஊசி கருப்பை வாயில் புற்றுநோய் வராமல் தடுப்பது, கருப்பையைக் காப்பாற்றுகிற ஊசி, அந்தப் புற்றுநோய் வந்தால்தான் கருப்பையையே எடுக்க வேண்டி வரும் என்றேன். பன்றிச் சமாச்சாரமும் இல்லை, இது ஈஸ்ட்டில் செய்வது, நீங்கள் பாணுக்குப் போடுகிறீர்களே, அந்த இனம். அவர் முகம் மாறவில்லை. இன்னும் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. வாழைப்பழத்தை நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டேன், அவரைக் கதைக்க விட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். பாடசாலையில் ஊசி போடும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் பர்தாவைக் கழற்றச் சொல்வார்களோ என்று மகள் இரவு அழுதாளாம். அதுதான்.

வகுப்பு டீச்சரிடம் முதலே சொல்லுங்கள், அல்லது எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் போடலாமா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் அன்றைக்கு உள்ளே அரைக்கை பனியன் போட்டு அனுப்புங்கள், தோளில் பொத்தானைத் திறந்தால் போதும் என்றேன். மகள் தராசிலிருந்து இறங்கி வந்து முப்பத்தொரு கிலோ என்றாள். பாங்குக்கு இருபது நிமிடம்தான் இருந்தது, கடிதத்தை மறுபடி நான்காக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு இருவரும் அவசரமாகப் போனார்கள். கையெழுத்து வைப்பாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று நாள் கழித்து, மஃரிபுக்குப் பிறகு, அதே பெண்ணிடமிருந்து பாமசி நம்பருக்கு அழைப்பு. பின்னால் பிளேட் சத்தம், யாரோ கட்லட் இன்னும் ஒன்று கேட்கிறார்கள்.

"தாத்தா, முப்பத்தொரு கிலோவுக்குப் பெனடோல் எத்தன குடுக்கணும்?"